விடுமுறை அட்டவணையும் அலமாரி மேல் நின்ற ஞானிகளும்

*டிசம்பர் 19*

அக்கா (காலை 7.10): அனைவருக்கும் வணக்கம். இன்னும் நான்கு நாளில் கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்குகிறது. மூன்று வீட்டுப் பிள்ளைகளும் பத்து நாளும் அப்பா வீட்டில்தான் இருக்கப் போகிறார்கள் என்பதால், காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை எந்த நேரத்தில் எதைச் செய்வது என்று ஓர் அட்டவணை எழுதி இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

தம்பி (காலை 7.31): 👍

அப்பா (காலை 7.40): தம்பி, கட்டைவிரலைக் காட்டினால் சம்மதமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் குழுவில் வாக்கியமாக எழுதுவது என்று ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறோம்.

தம்பி (காலை 7.44): மன்னியுங்கள் அப்பா. நான் அட்டவணையை இன்னும் திறந்தே பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

நான் (காலை 8.05): அக்கா, நான் முழுவதும் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, போன வருடம் நானும் இதே போல ஒன்றை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். இரண்டாம் நாள் பதினொரு மணிக்குள் பிள்ளைகளும் அழுதார்கள், நானும் கத்தினேன். அந்த விடுமுறையில் என் மகனுக்கு இன்றும் நினைவிருப்பது, குடில் பொம்மைகள் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதில் கத்தரியால் ஒரு கதவு வெட்டி, "இது ஆட்டுக்கொட்டில்" என்று இரண்டு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தது மட்டும்தான். அது எந்த அட்டவணையிலும் இல்லை. நாளுக்கு ஒரே ஒரு வேலையை எல்லோரும் சேர்ந்து செய்வோம், மீதி நேரத்தை அவர்களிடமே விட்டுவிடுவோம் என்பது என் எண்ணம்.

அக்கா (காலை 8.20): மீதி நேரத்தில் அவர்கள் கைப்பேசியைத்தான் எடுப்பார்கள். அதற்கு யார் பொறுப்பு?

அண்ணி (காலை 9.15): பணி இடைவேளையில் எழுதுகிறேன். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்க வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நம் மூன்று வயதுக் குட்டிக்கு அதுவே போதும். பெரிய பிள்ளைகளிடம் "கைப்பேசியை வை" என்று சொல்ல நமக்கு வாய் வர வேண்டுமானால், நம் கையிலும் அது இருக்கக் கூடாது. இன்னொன்று: பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் பொம்மை ஆகியவற்றை வாங்குவதற்கு முன் பேட்டரி மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். காசு போன்ற அந்தச் சிறிய பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

தம்பி (காலை 9.30): அப்படியென்றால் நான் வாங்கி வைத்திருக்கும் பாட்டு அட்டையை அலுவலகத்திலேயே வைத்துவிடுகிறேன், அண்ணி. அதற்குப் பதிலாக ஒரு நட்சத்திரம் செய்யலாமா? 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில், மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவின் பள்ளியில், வடிவக்கணிதப் பாடத்துக்காகக் காகிதத்தில் செய்யப்பட்டதுதான் அந்தக் கூர் நிறைந்த நட்சத்திரம். சதுர வடிவ அடிப்பாகம் கொண்ட கூர்கள் 17, முக்கோண வடிவ அடிப்பாகம் கொண்டவை 8, ஆக 25. ஒரு சதுரப் பக்கத்தைக் கட்டித் தொங்கவிடுவதற்காக விட்டுவிடுவார்கள்.

அக்கா (காலை 9.41): இருபத்தைந்தா? பசை காய்வதற்குள் புத்தாண்டு வந்துவிடும். ஆனாலும் என் மகன் இதை விடமாட்டான். அவனுக்குப் பதினொரு வயது, கணக்கு என்றால் உயிர். சரி, அட்டவணையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாலை ஜெபம் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

அப்பா (மாலை 4.10): நட்சத்திரம் தம்பியின் பொறுப்பு. குடிலை நான் எடுத்துக்கொள்கிறேன். 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டு குடில் அமைத்த கதையைச் சொல்லிவிட்டு, பெரிய பிள்ளைகள் இருவரிடமும் விவிலியத்தின் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தையும் லூக்கா இரண்டாம் அதிகாரத்தையும் கொடுத்து, நம் குடிலில் இருப்பவற்றில் எவை இந்த ஏடுகளில் இல்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன். விடையை யாரும் முன்கூட்டி உளறக் கூடாது.

நான் (மாலை 4.25): அப்பா, எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள்.

அப்பா (மாலை 4.52): உனக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாடம். இருந்தாலும் கேட்டுவிட்டாய். மாடும் கழுதையும் இரண்டு அதிகாரங்களிலும் இல்லை. எசாயா முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்திலிருந்து அவை குடிலுக்குள் வந்தன என்பார்கள். தீவனத் தொட்டியும் இடையர்களும் லூக்காவில் மட்டும். நட்சத்திரமும், அதைப் பார்த்துக் குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகளும் மத்தேயுவில் மட்டும். ஞானிகள் மூவர் என்று மத்தேயு எழுதவே இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் நாம் ஆளையும் மூன்றாக எண்ணிக்கொண்டோம். அவர்கள் நுழைந்தது ஒரு வீட்டுக்குள் என்றே இருக்கிறது. பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

*டிசம்பர் 26*

தம்பி (இரவு 9.05): நட்சத்திரத்தில் இதுவரை ஒன்பது கூர்கள் முடிந்திருக்கின்றன. பத்தாவதைக் குட்டி தொப்பியாகப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள்.

அண்ணி (இரவு 9.12): மாமா, குடிலில் ஞானிகளைக் காணோமே? காலையில் துடைத்தபோது நான்தான் எங்கோ மாற்றி வைத்துவிட்டேனோ என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா (இரவு 9.20): தேட வேண்டாம் அம்மா. மத்தேயுவைப் படித்து முடித்ததும் எட்டு வயதுக்காரன் எழுந்து, "அவர்கள் அன்றிரவே வரவில்லை என்றால் இங்கே ஏன் நிற்கிறார்கள்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அவனே மூவரையும் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி அறையில் துணி அலமாரியின் மேல் நிறுத்திவிட்டு வந்தான். சனவரி 6, ஞானிகள் வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சித் திருநாள் அன்று வந்து சேரும்படி நாளுக்கு ஒரு முழம் நகர்த்துவானாம்.

நான் (இரவு 9.26): ஆனால் விடுமுறை ஒன்றாம் தேதியோடு முடிகிறதே, அப்பா.

அப்பா (இரவு 9.31): அதையும் கேட்டேன். மீதி ஐந்து நாளும் தாத்தா நகர்த்த வேண்டும், நகர்த்தியதற்கு ஆதாரமாகத் தினமும் இந்தக் குழுவில் படம் போட வேண்டும் என்று உத்தரவு.