ராஜாஜி சாலையும் ராயபுரம் கரையும்: மாறிவரும் சென்னைத் துறைமுக ஓரத்தைப் படமெடுப்பது எப்படி?

கேட்டவர்: தண்டையார்ப்பேட்டை வாசகி

வணக்கம். என் அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தவர். 1974இல் ஒரு நண்பரின் அக்ஃபா க்ளிக் கேமராவை இரவல் வாங்கி அவர் எடுத்த ஒன்பது சதுரப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. பாரிமுனையிலிருந்து கடற்கரை ரயில் நிலையம் வரை சாலையோரத்தில் நின்று எடுத்தவை. அவற்றில் உள்ள கட்டடங்களில் சில அப்படியே நிற்கின்றன, சில இடிக்கப்பட்டுவிட்டன, மற்றவற்றை விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதே இடங்களில் நின்று அதே காட்சிகளை எடுத்து, பிறகு ஆண்டுக்கொரு முறை அதைத் தொடர வேண்டும் என்பது என் விருப்பம். என்னிடம் சாதாரண டிஜிட்டல் கேமராவும், அதனுடன் வந்த 18–55 லென்ஸும் மட்டுமே உள்ளன. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். படங்கள் பழையவற்றோடு பொருந்தவே இல்லை. கட்டடங்கள் பின்னோக்கிச் சாய்வதுபோல் விழுகின்றன. எந்த நேரத்தில் போக வேண்டும், அப்பா நின்ற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கெல்லாம் படமெடுக்கக் கூடாது என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: பாரிமுனை நடையர்

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். ராஜாஜி சாலையின் பழைய கட்டடங்கள் எல்லாம் கிழக்கு நோக்கியவை, ஏனெனில் அவை கடலைப் பார்த்துக் கட்டப்பட்டவை. 'முதல் கடற்கரை வரிசை' என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரே அந்தச் சாலைக்கு முன்பு இருந்தது. துறைமுகம் எழும்பும்வரை அலை ஏறக்குறைய சாலையோரம்வரை வந்து போனது. ஆகவே காலை வெயில்தான் அவற்றின் முகத்தில் விழும்; மதியத்துக்குப் பிறகு முகப்பு நிழலில் மூழ்கி, பின்னாலுள்ள வானம் மட்டும் வெளுத்துப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனால் கடைகள் மூடியிருக்கும், பேருந்தும் குறைவு. 1884இல் திறக்கப்பட்ட தலைமை அஞ்சலகத்தின் செங்கல் சிவப்பு அந்த ஒரு மணி நேரத்தில் காட்டும் நிறத்தை நாளின் வேறெந்தப் பொழுதிலும் காண முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களையும் விட்டுவிடாதீர்கள். மேகம் மூடிய வெளிச்சத்தில், 1897இல் எழுந்த பாரத ஸ்டேட் வங்கிக் கட்டடத்தின் செதுக்கு வேலைகள் நிழலில் தொலைந்துபோகாமல் ஒவ்வொன்றாகத் தெரியும்.

இனி, நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது. லென்ஸை மாற்றுவதால் கோணம் மட்டுமே விரியும் அல்லது சுருங்கும். எந்தப் பொருள் எதை மறைக்கிறது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் இடம் ஒன்றுதான். அப்பாவின் படத்தில் அருகிலுள்ள ஒரு விளிம்பும் தொலைவிலுள்ள ஒரு விளிம்பும் ஒரே நேர்க்கோட்டில் விழும் ஓர் இடத்தைத் தேடுங்கள். ஒரு தூணின் இடப்பக்க ஓரத்தைப் பின்னாலிருக்கும் கோபுரத்தின் உச்சி தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாலையில் நடந்து பார்த்தால், அந்த இரண்டும் ஒட்டித் தெரியும் இடங்கள் எல்லாம் ஒரே கோட்டில் அமையும். படத்தின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு ஜோடியை எடுத்துக்கொண்டால் இன்னொரு கோடு கிடைக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் அப்பா நின்றார். பொறுமையாகச் செய்தால் ஒரு முழத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

க்ளிக் கேமரா சதுரமான படம் எடுப்பது. உங்கள் லென்ஸை 20 மி.மீ. அருகில் வைத்து எடுத்து, பக்கங்களைச் சதுரமாக வெட்டினால் ஏறக்குறைய அதே பார்வைக் கோணம் கிடைக்கும். க்ளிக் கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துத்தான் பார்ப்பார்கள்; அப்பாவின் கண் உயரம் உங்களுடையதிலிருந்து மாறுபட்டிருக்கலாம். உயரத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சாய்வைப் பற்றிக் கேட்டீர்கள். கேமராவை அண்ணாந்து பிடித்தால் செங்குத்துக் கோடுகள் மேலே குவியும். தனியாகக் கட்டடத்தை எடுக்கும்போது கேமராவை மட்டமாகப் பிடித்து, அடியில் கூடுதலாக விழும் சாலையைப் பிறகு வெட்டிவிடுங்கள். ஆனால் அப்பாவின் படத்தோடு பொருத்தும்போது, அவர் அண்ணாந்து பிடித்திருந்தால் நீங்களும் அதே அளவு அண்ணாந்துதான் பிடிக்க வேண்டும். அந்தச் சாய்வைக் கணினியில் திருத்திவிடாதீர்கள். அது அவர் கையின் சாய்வு.

இன்னொன்று. படங்களில் உயர் நீதிமன்றத்தின் பெரிய கோபுரம் தெரிகிறதா? 1894 முதல் 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கம் அதன் உச்சியில்தான் இருந்தது. உங்கள் அப்பா படமெடுத்த அந்த ஆண்டில் இரவுதோறும் அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெரினாவில் இப்போதுள்ள கலங்கரை விளக்கம் பிறகு வந்தது.

மறுமொழி: ராயபுரத்துக்காரன்

நடையர் அண்ணா சொன்னதோடு என் பங்கையும் சேர்க்கிறேன். ராஜாஜி சாலையோடு நின்றுவிடாதீர்கள், அக்கா. அந்தச் சாலையிலிருந்து கடல் விலகிப்போனதும், எங்கள் பக்கத்தில் கடல் ஏறி வந்ததும் ஒரே காரணத்தால் நடந்தவை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகும். 1870களில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டத் தொடங்கியபின் அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே வர வேண்டிய மணல் வராமல் போகவே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. துறைமுகத்தைப் பற்றிய எந்தப் படத் தொகுப்பும் இந்த இரண்டு கரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு கரை பெற்றதை மட்டும் காட்டி, இன்னொரு கரை கொடுத்ததை விட்டுவிடுவது நியாயமாகாது.

மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கொஞ்சத் தூரத்துக்கொன்றாகத் தூண்டில் வளைவுகள், அதாவது அரிப்பைத் தடுக்கப் போட்ட கற்சுவர்கள், கடலுக்குள் நீள்கின்றன. எங்கள் பாட்டி வீடு இருந்த இடம் இப்போது கல்லுக்கு அப்பால் தண்ணீருக்குள் இருக்கிறது. போன தையில் நீர் வற்றியிருந்தபோது, இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் சிமெண்டுத் தரைத் துண்டு ஒன்று தெரிந்தது. ஓரத்தில் அம்மிக்கல் வைத்துத் தேய்ந்த வட்டம்கூட இருந்தது. யார் வீட்டுத் தரையோ தெரியாது. படமெடுத்து வைத்திருக்கிறேன். அகலமான கடற்காட்சிகளைவிட அந்த ஒரு படத்தைத்தான் என் அம்மா அதிக நேரம் பார்த்தார்.

1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தின் தூண் வரிசையையும் எடுங்கள், அதுவும் துறைமுகத்தின் கதைதான்.

தடை பற்றி: துறைமுக வாயிலுக்குள்ளும், கோட்டைப் பகுதியிலும், நீதிமன்ற வளாகத்துக்குள்ளும் அனுமதியின்றிக் கேமராவை எடுக்க வேண்டாம். வாயிலில் நிற்கும் காவலர்களையும் எடுக்காதீர்கள். ட்ரோன் நினைப்பே வேண்டாம். பொதுச் சாலையில் நின்று கட்டடத்தின் முகப்பை எடுக்கும்போதும் ட்ரைபாட் விரித்தால் யாராவது வந்து விசாரிப்பார்கள்; அப்பாவின் பழைய படங்களின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். அதைக் காட்டியதும் பேச்சே மாறிவிடும். காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களிடம் முதலில் பேசுங்கள், பிறகு கேட்டுவிட்டு எடுங்கள். விடியற்காலை ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள், அது அவர்களுடைய பிழைப்பு நேரம்.

மறுமொழி: ஆவணப் பணியாளர்

சுருக்கமாக இரண்டு செய்திகள். கடலோரத்திலிருந்து வீடு திரும்பியதும் லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் காற்றடித்து ஊதி, பிறகு சற்றே ஈரமான மென்துணியால் ஒற்றி எடுங்கள். சென்னையின் ஈரப்பதத்தில் பூஞ்சையும் பிடிக்கும், ஆகவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் நாள், மணி, நின்ற இடம், பார்த்த திசை, லென்ஸின் அளவு ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள். கட்டடத்தின் பெயர்ப் பலகையில் உள்ளதையும் அப்படியே எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகமாக இருந்த பழைய பென்டிங்க் கட்டடம் இடிக்கப்பட்டு அங்கே சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது. பழைய படங்களில் குறிப்பு இல்லாததால் அந்த இடத்தை அடையாளம் காண நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்பாவின் நெகட்டிவ் இருந்தால், அச்சுப் படத்தை விட்டு அதையே ஸ்கேன் செய்யுங்கள். அச்சுக்காரர் ஓரங்களை வெட்டியிருக்கக்கூடும்.

கேட்டவர்: தண்டையார்ப்பேட்டை வாசகி

அனைவருக்கும் நன்றி. இன்று காலை ஏழரை மணிக்கு ஒரு பழைய வணிக நிறுவனத்தின் வாசலில் நடையர் ஐயா சொன்ன முறையைச் செய்து பார்த்தேன். முதல் கோடு கிடைக்க இருபது நிமிடம் ஆயிற்று. இரண்டாவது எளிதாகவே அமைந்தது. இடம் பொருந்திய பிறகும் வாசல் மட்டும் ஒத்துவரவில்லை. எண்ணிப் பார்த்தபோது அப்பாவின் படத்தில் ஐந்து படிகள் இருந்தன, இப்போது மூன்றுதான் தெரிகின்றன. சாலையை மேலும் மேலும் போட்டு உயர்த்தியதில் இரண்டு படிகள் மண்ணுக்குள் போய்விட்டன. அவர் நின்ற தரை என் காலுக்குக் கீழே ஓரடிக்கும் ஆழத்தில் இருக்கிறது. கேமராவை அந்த அளவு தாழ்த்தி, குனிந்து எடுத்ததும் இரண்டு படங்களும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.

நெகட்டிவ்கள் அம்மாவின் பெட்டியில் இருக்கின்றன, இந்த வாரமே ஸ்கேன் செய்யக் கொடுக்கிறேன். ராயபுரத்துத் தம்பி, அந்தச் சிமெண்டுத் தரை இருக்கும் இடத்தைக் காட்ட முடியுமா? அடுத்த ஞாயிறு, நீர் வற்றும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவும் வருவதானால் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து அழைத்துப் போகிறேன்.