முதல் வேலை தேடியபோது இன்னும் உறுத்துகிற ஒரு நிமிஷம்: உங்களுக்கு எது?

தயிர்சாதம்:
இரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மனசு ஆறவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. இன்டர்வியூ பத்தே நிமிஷம். அப்புறம் வழக்கம்போல ஒரிஜினலைக் கேட்டார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, எட்டு செமஸ்டர், எல்லாவற்றையும் கொடுத்தேன். அந்த அக்கா ஒரு பச்சை பீரோவைத் திறந்தார். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை ஃபைல்கள், ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பேண்ட். என்னுடையதையும் அதில் செருகி, பூட்டி, சாவியை டிராயரில் போட்டுவிட்டு, "திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார். அதற்கப்புறம்தான் நான் சம்பளம் எவ்வளவு என்றே கேட்டேன்! ஏழு மாதம் கழித்து வேறு வேலை கிடைத்தது. கிளம்புகிறேன் என்றதும் 40,000 கட்டிவிட்டு ஃபைலை வாங்கிக்கொள் என்றார்கள்.

கிண்டி_ரயில்:
என்னுடையது சின்ன விஷயம்தான். ஆனால் ராத்திரி படுத்தால் ஞாபகம் வருகிறது. வாக்-இன், காலை எட்டு மணிக்கு நின்ற வரிசை மத்தியானம் இரண்டுக்கு நகர்ந்தது. உள்ளே போனதும் இன்டர்வியூ எடுக்கிறவர் நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்றார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த "மைசெல்ஃப்..." என்று ஆரம்பித்து, அப்பா தொழில் வரைக்கும் நிறுத்தாமல் ஒப்பித்துவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய_ஃபோர்மேன்:
தம்பி தயிர்சாதம், கோபித்துக்கொள்ளாதே, தப்பு உன் மேல்தான். ஒரிஜினலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. எங்கள் காலத்தில் வேறு மாதிரி ஏமாற்றினார்கள். வடபழனியில் ஒரு மாடி அறையில் 500 ரூபாய் டெபாசிட் கட்டினேன், ஆர்டர் தபாலில் வந்தது. அந்த முகவரிக்குப் போனால் மாவு மில். அதை விடு.

இப்போது தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். 2015-லிருந்து டிஜிலாக்கர் என்று அரசாங்க ஆப் இருக்கிறது, அதில் கிடைக்கிற சான்றிதழை முதலில் அதிலிருந்தே காட்டிப் பாருங்கள். பீரோவுக்குள் போக வேண்டியது ஜெராக்ஸ்தான். இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்று பத்திரம் நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்கள் அப்ரெண்டிஸை ஏன் மட்டமாக நினைக்கிறீர்கள்? 1961 அப்ரெண்டிஸ் சட்டப்படி ஒரு வருஷப் பயிற்சி. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசாங்கம் தருகிறது. அந்தப் பயிற்சிக்கான தென் மண்டல அலுவலகம் தரமணியிலேயே இருக்கிறது. முடித்தால் சான்றிதழ் உண்டு, "அனுபவம் இருக்கா?" என்று கேட்டால் எடுத்து நீட்டலாம். அப்புறம், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும். அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள், புதுப்பிக்கவும். இன்னொன்று, அரியர் இருந்தால் மறைக்காதீர்கள், மார்க் ஷீட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

டிப்ளமோகாரி:
ஃபோர்மேன் சார், காட்டலாம், கொடுக்கக் கூடாது என்று இப்போது சொல்வது சுலபம். வெளியே இன்னும் நாற்பது பேர் நிற்கும்போது அந்த அக்கா கையை நீட்டினால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள். நீங்களே 500 ரூபாய் கட்டியவர்தானே?

என் கதை டூல் ரூமில் நடந்தது. சூப்பர்வைசர் ஒரு ஜாப்பையும் (அளக்க வேண்டிய உலோகத் துண்டு) வெர்னியர் அளவுக்கருவியையும் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். 25.14 என்றேன். "வாயை மூடிப் பார்த்தியாம்மா?" என்றார். என்னை வாயை மூடச் சொல்கிறார் என்று நினைத்து அப்படியே நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் வெர்னியரை வாங்கி, அதன் வாயை மூடி, வெளிச்சத்தில் காட்டினார். ஜீரோவும் ஜீரோவும் சேரவில்லை, 0.06 தள்ளி இருந்தது. வேண்டுமென்றே அந்த வெர்னியரை எடுத்துக் கொடுத்திருக்கிறார். 25.08 என்று திருத்திச் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் எந்த வெர்னியரை எடுத்தாலும் முதலில் வாயைத்தான் மூடிப் பார்ப்பேன்.

பழைய_ஃபோர்மேன்:
500 அப்போது பெரிய காசும்மா. அந்த சூப்பர்வைசர் செய்தது சரிதான். நானும் அதே மாதிரி ஒரு பழைய பீஸ் வைத்திருந்தேன்.

கிண்டி_ரயில்:
அதெல்லாம் சரி, தயிர்சாதம், ஒரிஜினல் வந்ததா இல்லையா?

தயிர்சாதம்:
வந்தது. மாமா வந்து பேசினார், 15,000-க்கு இறங்கினார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஃபைலில் கோர்ப்பதற்காக ஓரத்தில் பஞ்ச் போட்டிருக்கிறார்கள். பத்தாவது மார்க் ஷீட்டில் என் பேரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் இப்போது ஓட்டை.