உள் வலையமைப்பில் கணினிக் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக என்ன செய்ய வேண்டும்?

கேள்வி

வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் லினக்ஸ் இயங்கும் ஏறத்தாழ நாற்பது கணினிகள் ஓர் உள் வலையமைப்பில் இருக்கின்றன. நுழைவாயிலாக உள்ள ஒரு சர்வருக்கு மட்டுமே இணையம் உண்டு. அதுவும் சில நாட்களில் இருக்காது. மூல நிரல்கள் என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக ஒரு ஃபைல் சர்வரில் உள்ளன. தொகுக்கும்போது உருவாகும் ஆப்ஜெக்ட் கோப்புகளை அந்தந்தக் கணினியின் வட்டிலேயே வைக்கிறோம். அண்மைக்காலமாக, கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு மாறிய நிரல்களை மட்டும் மீண்டும் தொகுக்கும் மேக் கட்டளையை இயக்கினால், கடிகாரங்களுக்கு இடையே முரண்பாடு இருப்பதாகவும் தொகுப்பு முழுமையடையாமல் போயிருக்கலாம் என்றும் எச்சரிக்கை வருகிறது. நள்ளிரவில் ஒவ்வொரு கணினியிலும் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்குவது) மூலம் என்டிபிடேட் (நேரத்தை ஒருமுறை சரிசெய்யும் கட்டளை) ஓடி, நுழைவாயில் சர்வரைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்கிறது. இருந்தும் மாலைக்குள் மீண்டும் வேறுபாடு வந்துவிடுகிறது. கிரானை மணிக்கொரு முறை ஓடவிட்டால் போதுமா, அல்லது வேறு முறையான வழி உண்டா?

மறுமொழி 1

அந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து அலட்சியப்படுத்த வேண்டாம். நீங்கள் ஒரு மூல நிரலைச் சேமிக்கும்போது அதன் மேல் பதிவது பெரும்பாலும் ஃபைல் சர்வரின் நேரம். ஆப்ஜெக்ட் கோப்பின் மேல் பதிவது உங்கள் கணினியின் நேரம். உங்கள் கணினி மூன்று விநாடி முந்தி ஓடுகிறது என்று வையுங்கள். தொகுத்து முடித்த அடுத்த விநாடியே நிரலில் ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால், திருத்திய நிரல் ஆப்ஜெக்ட் கோப்பைவிடப் பழையதாகத் தெரியும்; மேக் அதைத் தொடாமல் விட்டுவிடும். பழைய நிரலையே புதியது என்று நம்பிச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். எச்சரிக்கைகூட வராத இந்த நிலைதான் உண்மையில் ஆபத்தானது.

வேறுபாடு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் கணினியில் உள்ள குவார்ட்ஸ் படிகம். அதில் பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி விலகும். வெப்பநிலை மாறினால் விலகும் வேகமும் மாறும். கிரானை மணிக்கொரு முறை ஓடவிட்டால் வேறுபாடு குறையும் என்பது உண்மைதான், ஆனால் முந்தி ஓடும் கணினிகளில் நேரத்தைப் பின்னோக்கி இழுக்கும் வேலையும் மணிக்கொரு முறை நடக்கக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பார்வையில் காலம் பின்னால் போவதைவிடக் கெடுதலானது வேறில்லை: பதிவேடுகளில் வரிசை குலையும், டேட்டாபேஸ்கள் குழம்பும்.

எனவே கிரானை நீக்கிவிட்டு, எல்லாக் கணினிகளிலும் குரோனி என்ற நேர ஒத்திசைவு மென்பொருளை நிறுவுங்கள். அது பின்னணியில் நிரந்தரமாக இயங்கி, உங்கள் படிகம் எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையே கற்றுக்கொண்டு, கடிகாரத்தின் வேகத்தைச் சிறிது கூட்டியோ குறைத்தோ சரிசெய்யும். தொடக்கத்தில் மட்டும் பெரிய வேறுபாட்டை ஒரேயடியாகச் சரிசெய்ய அதன் அமைப்புக் கோப்பில் மேக்ஸ்டெப் வரியை 1.0, 3 என்ற மதிப்புகளோடு எழுதுங்கள். முதல் மூன்று புதுப்பித்தல்களுக்குள் வேறுபாடு ஒரு விநாடிக்கு மேல் இருந்தால் மட்டுமே அது கடிகாரத்தைத் தாவச் செய்யும்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். இணையம் இல்லாத நாட்களைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். உங்கள் வலையமைப்புக்குத் தேவையானது உலக நேரம் அல்ல, ஒருமித்த நேரம். நாற்பது கணினிகளும் சேர்ந்து இரண்டு விநாடி பிந்தியிருந்தால் மேக் கட்டளைக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆகவே நுழைவாயில் சர்வரின் குரோனி அமைப்புக் கோப்பில் லோக்கல் ஸ்ட்ரேட்டம் 10 என்ற வரியைச் சேருங்கள் (ஸ்ட்ரேட்டம் என்பது மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி என்பதைக் குறிக்கும் எண்). இணையத் தொடர்பு அறுந்தாலும் அது தன் கடிகாரத்தைக் கொண்டே மற்றவற்றுக்கு நேரம் வழங்கிக்கொண்டிருக்கும். அதே கோப்பில், நேரம் கேட்க யாரை அனுமதிப்பது என்று சொல்லும் அலவ் வரியில் உங்கள் வலையமைப்பின் முகவரி வரம்பைக் கொடுத்து, ஃபயர்வாலில் நேரச் செய்திகள் போய்வரும் யுடிபி 123ஆம் போர்ட்டையும் திறந்துவிடுங்கள். குரோனி தானாக யாருக்கும் நேரம் வழங்காது. அலவ் வரியை விட்டுவிட்டு வலையமைப்பில் கோளாறு தேடுபவர்கள் பலர்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். நுழைவாயில் சர்வர் பழுதானால் என்ன செய்வது என்று எண்ணி, ஃபைல் சர்வரையும் இரண்டாவது நேர மூலமாகக் கொடுக்கலாமா? வலையமைப்பில் செய்தி போய்வர ஆகும் தாமதமும் நேரத்தில் பிழையாகச் சேர்ந்துவிடாதா?

மறுமொழி 2

தாமதத்தை என்டிபி (குரோனி பயன்படுத்தும் நேர ஒத்திசைவு நெறிமுறை) கணக்கிலெடுக்கிறது. உங்கள் கணினி தன் கடிகாரப்படி 0 மில்லிவிநாடியில் கேட்கிறது. சர்வர் தன் கடிகாரப்படி 251இல் பெற்று 252இல் பதில் அனுப்புகிறது. பதில் உங்கள் கடிகாரப்படி 3இல் வந்து சேர்கிறது. போகும்போது தெரிந்த வேறுபாடு 251, வரும்போது தெரிந்தது 249. இரண்டின் சராசரியான 250 மில்லிவிநாடி நீங்கள் பிந்தியிருக்கிறீர்கள். வழியில் கழிந்தது மொத்தம் 2 மில்லிவிநாடி. போகவும் வரவும் சம நேரம் ஆனது என்ற அனுமானம் தவறினாலும், அதனால் வரும் பிழை அதில் பாதியைத் தாண்டாது. உள் வலையமைப்பில் இந்தத் தாமதம் பெரும்பாலும் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு என்பதால் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. மைக்ரோவிநாடிக்கும் கீழே துல்லியம் வேண்டுமென்றால்தான் பிடிபி என்ற இன்னும் துல்லியமான நெறிமுறையும் அதற்கேற்ற நெட்வொர்க் கார்டுகளும் தேவைப்படும்.

மறுமொழி 1

இரண்டாவது மூலத்தைப் பற்றி: ஒன்றையொன்று சாராத இரண்டு சர்வர்கள் வெவ்வேறு நேரம் சொன்னால், எது சரி என்று முடிவுசெய்யக் கணினிக்கு வழியே இல்லை, மூன்று இருந்தால் பெரும்பான்மையைப் பின்பற்றலாம். அதனால் ஃபைல் சர்வரைத் தனியாக ஓடவிடாமல், அது நுழைவாயிலிடமிருந்தே நேரம் பெறட்டும். இரண்டிலும் லோக்கல் வரியோடு ஆர்ஃபன் என்ற சொல்லையும் சேர்த்து, ஒன்றுக்கு மற்றொன்றை மூலமாகக் காட்டிவிட்டால், இணையம் இல்லாதபோதும் இரண்டும் தமக்குள் ஒன்றையே முதன்மையாக ஏற்று இணைந்திருக்கும்.

அமைத்து முடித்தபின் ஏதாவது ஒரு கணினியில் குரோனிசி சோர்சஸ் கட்டளையை இயக்கிப் பாருங்கள். சர்வர் பெயரின் முன் நட்சத்திரக் குறி வந்தால் அதையே பின்பற்றுகிறது என்று பொருள். கேள்விக்குறியே நீடித்தால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். மாற்றத்தை வேலை நேரத்தில் செய்யாமல், முதலில் நுழைவாயில், பிறகு ஃபைல் சர்வர், அதன் பின் மற்றவை என்ற வரிசையில் செய்யுங்கள். எல்லாம் இணைந்தபின் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை முழுவதும் அழித்துவிட்டு ஒருமுறை புதிதாகத் தொகுத்துவிடுங்கள். தவறான நேரத்தோடு ஏற்கெனவே பதிந்த கோப்புகளைக் குரோனி திருத்தாது.