பரணில் கிடைத்த தகரப் பெட்டி: இவை என்ன சாமான்கள்?

குன்னூர்ப் பேரன்
என் தாத்தா குன்னூர்ப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். துரை ஊருக்குக் கப்பலேறியபோது அவரிடம் விட்டுப்போன தகரப் பெட்டியைப் போன வாரம்தான் பரணிலிருந்து இறக்கினோம். நடுவில் நீளமாகப் பள்ளம் விட்ட தக்கைப் பலகைகள் நான்கு, ஒரு டப்பி நிறைய மெல்லிய கறுப்பு ஊசிகள், அடியில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ இறுகிக் கிடக்கும் அகலவாய்க் கண்ணாடி ஜாடி. அப்புறம் முக்கோணமாக மடித்த செய்தித்தாள் பொட்டலங்கள், முப்பது நாற்பது இருக்கும். ஒன்றைப் பிரித்தேன், வண்ணத்துப்பூச்சி! தொட்டதும் சிறகு உடைந்துவிட்டது. ஜாடியைக் கழுவி ஊறுகாய் போடலாம் என்கிறார் அம்மா. இதெல்லாம் என்னவென்று யாருக்காவது தெரியுமா?

பழைய லேப் அட்டெண்டர்
தம்பி, முதலில் அந்த ஜாடியை விட்டு விலகுங்கள். அது பூச்சி கொல்லும் ஜாடி. பொட்டாசியம் சயனைடு கட்டிகளை அடியில் போட்டு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றி இறுக விடுவார்கள். காற்றின் ஈரம் பட்டு விஷ ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மூடி கெட்டியாக இருந்தால் எத்தனை வருஷம் ஆனாலும் நம்ப முடியாது. திறக்காதீர்கள், கழுவாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் சொல்லி, பாதுகாப்பாக அகற்ற வழி கேளுங்கள். சயனைடு புழக்கத்துக்கு வருமுன் இங்கிலாந்தில் செர்ரி லாரல் இலையை நசுக்கி ஜாடியில் போட்டார்கள். அதிலிருந்து வருவதும் இதே விஷம்தான்.

பலகை, சிறகு விரிப்பதற்கு. உடல் பள்ளத்தில் உட்காரும். சிறகுகளை இருபுறமும் விரித்து, மேலே காகிதப் பட்டை வைத்து, பட்டையின் ஓரத்தில் ஊசி குத்துவோம். சிறகில் குத்தினால் எங்கள் புரொஃபசர் கையிலேயே அடிப்பார். ஊசிக்குக் கறுப்புப் பூச்சு அழகுக்காக இல்லை. வெறும் பித்தளை ஊசியில் பூச்சியின் உடம்புக் கொழுப்புப் பட்டால் பச்சைக் களிம்பு பூத்து, நாளடைவில் உடலையே பிளந்துவிடும்.

காட்டில் பலகை விரித்து உட்கார முடியுமா? அதனால்தான் சிறகைக் கூப்பிப் பொட்டலத்தில் வைப்பது. வீட்டுக்கு வந்து, ஈர மணல் பரப்பிய டப்பாவில் பூஞ்சணம் பிடிக்காமல் இரண்டு சொட்டு கார்பாலிக் ஆசிட் விட்டு, ஒன்றிரண்டு நாள் மூடி வைத்தால் காய்ந்து விறைத்த பூச்சி இளகும், பிறகு பலகையில் விரிக்கலாம். அவசரப்பட்டு ஒரே ராத்திரியில் எடுத்து நானே மூன்றை உடைத்திருக்கிறேன்.

பொட்டலத்தின் மேல் பென்சிலில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

வலைவீசி
வலை இல்லையா? அதுதானே முக்கியம்! 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்கள் இரண்டு கழிகளுக்கு நடுவே துணி கட்டி, பூச்சியை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்து மூடிப் பிடித்தார்கள். வளைய வலை பிற்பாடு பரவியது. நியூ கினியில் 1906இல் ஆல்பர்ட் மீக், மரத்து உச்சியில் பறந்த ராணி அலெக்ஸாண்ட்ரா வண்ணத்துப்பூச்சியைத் துப்பாக்கியால் சுட்டே வீழ்த்தினார். அந்தப் பூச்சி லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குன்னூர்ப் பேரன்
வலை இல்லை சார், துருப்பிடித்த வளையம் மட்டும் கிடக்கிறது.
அட்டெண்டர் சார், எழுதியிருக்கிறது! ‘கல்லாறு, 14.9.36’ என்று இங்கிலீஷில். எல்லாப் பொட்டலத்திலும் ஊரும் தேதியும். நான் பிரித்த தாளைத்தான் அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டார்கள்.

பழைய லேப் அட்டெண்டர்
அடடா. இடமும் தேதியும் போனால் அது வெறும் அலங்காரப் பூச்சி. கேம்பிரிட்ஜ்ஷயரில் 1702இல் பிடித்த ஒரு வெள்ளைப் பூச்சியை ஆக்ஸ்ஃபோர்டில் இன்றும் பொத்திப் பொத்தி வைத்திருப்பது அது எங்கே, எப்போது கிடைத்தது என்று தெரிவதால்தான். நீலகிரியில் டீத் தோட்டம் பார்த்த ஹாம்ப்சன் 1888லேயே அந்த மலை வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பட்டியல் போட்டார். 1936இல் கல்லாற்றில் என்ன பறந்தது என்பதற்கு உங்கள் பொட்டலங்கள் சாட்சி.

மீதியைப் பிரிக்காமல் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். கரப்பும் எறும்பும் நெருங்காத டப்பாவில் அந்துருண்டையோடு வையுங்கள். விற்கும் எண்ணம் வேண்டாம். சில இனங்கள் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருகின்றன. வனத்துறையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அருங்காட்சியகம் எதற்காவது கொடுங்கள்.

குன்னூர்ப் பேரன்
சரி சார். ஜாடி இப்போது தனியாகப் பூட்டிய ஷெட்டில். அம்மா அந்தப் பக்கம் கோழியைக்கூட விடுவதில்லை.