தங்குநஞ்சு, மக்கா வேதிப்பொருள்: டேனரிக் கையேட்டுக்கு எது?

அன்பர்களே,

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளர்களுக்கான கையேட்டில் ‘persistent organic pollutant’ (எளிதில் சிதையாத கரிம நஞ்சு) என்பதற்கு ‘நீடித்த கரிம மாசு’ என்றிருந்ததை எடுத்துவிட்டேன். ‘நீடித்த வளர்ச்சி’ என்று மேடைக்கு மேடை கேட்டவருக்கு இதுவும் ஏதோ நல்ல சரக்காகப் படும். ‘நிலையான’ என்பதும் ஆகாது, வேதியியல் பாடநூலில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. நகராட்சித் தொட்டியில் எழுதியிருக்கும் ‘மக்காத குப்பை’யை ஒட்டி ‘மக்கா வேதிப்பொருள்’ எனலாமா?

– ஆம்பூர்

> ‘மக்கா வேதிப்பொருள்’ எனலாமா?

வேண்டாங்க. மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் மக்கா என்றால் ஹஜ்ஜுக்குப் போகிற ஊர். முதல் பக்கத்திலேயே வம்பு.

பொருளும் குறைகிறது. மக்குவது நுண்ணுயிரின் வேலை. இவையோ வெயில், நீர், ஈரலின் நொதி எதற்கும் லேசில் மசியாதவை. இவற்றைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை (2001) வைத்த அளவுகோலில், நீரில் அரையாயுள் (பாதியாகக் குறையும் காலம்) 2 மாதத்தையோ மண்ணில் 6 மாதத்தையோ தாண்ட வேண்டும். உயிர்களின் உடலில் சேர்வதும் தொலைதூரம் பரவுவதும் தனியே பார்க்கப்படும். குப்பை எரிப்பு போன்றவற்றில் உண்டாகும் டயாக்சின் என்ற நஞ்சு மனித உடலில் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டு பிடிக்கிறது.

‘தங்குநஞ்சு’ என்று வைக்கலாம். வினைத்தொகை என்பதால் தங்கிய, தங்குகின்ற, தங்கும் மூன்றும் அடக்கம். தடை வந்து பல ஆண்டுக்குப் பிறகும் மண்ணில் கிடக்கும் சரக்குக்கு முக்காலமும் வேண்டியிருக்கிறது.

– மேல்விஷாரம்

தங்குநஞ்சு எனக்குச் சம்மதம், ஆனால் குரோமியத்தை அதில் சேர்க்காதீர்கள். இங்கே மூடிக்கிடக்கும் ஆலையின் குரோமியக் கழிவு மேட்டைப் பார்த்தவர்கள் அதையும் அப்படித்தான் சொல்வார்கள். அது தனிமம், சிதைய அதில் ஒன்றுமில்லை, வடிவம்தான் மாறும். தோல் பதனிட டிரம்மில் போடுகிற பேசிக் குரோமியம் சல்பேட்டில் இருப்பது மூவிணைதிறக் குரோமியம். ஷேவிங் தூளையும் (தோலைச் சீவும்போது உதிர்வது) காய்ந்த கழிவுச் சேற்றையும் திறந்தவெளியில் கொளுத்தினால் அதில் ஒரு பங்கு அறுவிணைதிறமாக மாறிவிடும். நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவருவது மூச்சில் போகும் அந்த வடிவம்.

வழியும் வேறு. அறுவிணைதிறக் குரோமியம் செல்லுக்குள் போய் ஒடுக்கம் அடையும்போது (எலக்ட்ரான் பெற்று மூவிணைதிறமாக மாறும்போது) டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. டயாக்சின் டிஎன்ஏவை நேராகத் தொடுவதில்லை. ஏஎச் ஏற்பி என்ற புரதத்தில் ஒட்டி, எந்த மரபணு எப்போது வேலை செய்வது என்பதைக் குழப்பி, ஏற்கெனவே கெட்டுப்போன செல் பெருக இடம் கொடுக்கிறது. ஆகவே எல்லாவற்றுக்கும் ‘புற்றூக்கி’ என்று போடுவது சோம்பேறித்தனம். முதல் வகைக்குப் புற்றுதொடக்கி, இரண்டாவதற்குப் புற்றூக்கி, பொதுவில் புற்றுநோய்க் காரணி என்று பிரிக்கலாம்.

நம் தொழிலுக்கு நெருங்கிய தங்குநஞ்சு பென்டாகுளோரோபீனால். ஈரத்தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்டது, தயாரிப்பிலேயே டயாக்சின் கலந்து வரும். இந்தியாவில் 1991இல் தடையானது. ஸ்டாக்ஹோம் பட்டியலில் 2015இல்தான் ஏறியது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐஏஆர்சி 2016இல் அதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற பட்டியலில், வைத்தது. அந்தப் பிரிவு எண் சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்லும். ஆபத்து எவ்வளவு பெரிது என்பதற்கு அது அளவல்ல. இதை மறக்காமல் எழுதுங்கள், இல்லையென்றால் அதே பிரிவில் இருக்கும் சிகரெட்டும் இதுவும் சமம் என்று யாராவது பேசுவார்கள்.

– ராணிப்பேட்டை

நன்றி ஐயா. வரைவில் ‘கொழுப்பில் சேரும்’ என்ற வரியையும் மாற்றுகிறேன். நீர் ஒட்டாத தோலுக்கு அடிக்கும் ஃபுளோரின் ஃபினிஷ் சிலவற்றிலிருந்து வரும் பிஎஃப்ஓஏ (ஃபுளோரின் கொண்ட ஒரு தங்குநஞ்சு) கொழுப்பை நாடுவதில்லை. ரத்தத்தில் அல்புமினோடு ஒட்டிக்கொண்டு ஈரலிலும் சேர்கிறது. 2023இல் அதுவும் முதல் பிரிவுக்குப் போய்விட்டது.

வரி இப்படி: “தங்குநஞ்சு: எளிதில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் உடலிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும் கரிம வேதிப்பொருள். இவற்றுள் சில புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும்.” ‘புற்றுநோய் வரும்’ என்று முடித்தால் மிரட்டலாகிவிடும். ‘ஷேவிங் தூளைக் கொளுத்தாதீர்கள்’ என்பதைக் குரோமியப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுகிறேன். நஞ்சா மாசா என்று இன்னும் யாருக்காவது ஐயமா?

– ஆம்பூர்

நஞ்சே இருக்கட்டும், மாசு என்றால் துடைத்தால் போய்விடும் என்று நினைப்பார்கள். ஒரே திருத்தம், ஒற்று மிகும்: புற்றுத்தொடக்கி.

– மேல்விஷாரம்