சுமைத் தண்டமா, சுமைப்பிடித்தமா?

வணக்கம்.

ராக்கெட்டின் ஓர் அடுக்கை மீட்டு மறுபடி பறக்கவிட வேண்டுமென்றால், அது மேலே கொண்டுபோகும் சுமை குறையும். இந்தக் குறைவைத்தான் ஆங்கிலத்தில் 'பேலோடு பெனால்டி' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டதில் இதுவரை வந்தவற்றில் 'சுமைத் தண்டம்', 'சுமையிழப்பு' இரண்டுக்கும்தான் ஆதரவு அதிகம். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. நான் முன்வைப்பது 'சுமைப்பிடித்தம்'.

தண்டம் என்பது தப்புக்குக் கட்டுவது. இழப்பு என்பது கைநழுவிப் போனது. இங்கே நடப்பது இரண்டுமே இல்லை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் முதல் அடுக்கு, அதாவது கீழடுக்கு, பிரியும்போது தொட்டி காலியாக இருப்பதில்லை. இறங்குவதற்கென்று மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் மிச்சம் வைத்திருக்கும். மடக்குக் கால்கள், காற்றில் திசை திருப்பும் துடுப்புகள் வேறு. மேலே போயிருக்கக்கூடிய எடையில் ஒரு பகுதி, தெரிந்தே இதற்காக நிறுத்திவைக்கப்படுகிறது. சம்பளப் பிடித்தம் மாதிரிதான்: கைக்கு வருவது குறையும், பணம் தொலைந்துபோவதில்லை.

எவ்வளவு பிடித்தம்? ஸ்பேஸ்எக்ஸ் வெளியிட்ட அளவுகளின்படி, புவிநிலை மாற்றுப் பாதைக்கு (உயரத்திலுள்ள புவிநிலைச் சுற்றுப்பாதைக்குப் போகும் இடைவழிப் பாதை) ராக்கெட்டைக் கைவிட்டால் 8,300 கிலோ, முதல் அடுக்கை மீட்டால் 5,500 கிலோ. மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. நடுக்கடல் மேடையில் இறங்காமல் ஏவிய கரைக்கே திரும்ப வேண்டுமென்றால், வந்த வேகத்தை மறித்துத் திருப்ப இன்னொரு எரிப்பு தேவை. ஆகவே 'கடல் பிடித்தம்', 'கரைப் பிடித்தம்' என்று பிரித்தும் சொல்லலாம். 'தண்டம்' இப்படி வளைந்து கொடுக்குமா, தெரியவில்லை.

மேலடுக்கில் கதையே வேறு. கீழடுக்கில் சில கிலோ கூட்டினால்தான் சுமையில் ஒரு கிலோ குறையும். மேலடுக்கில் கிலோவுக்குக் கிலோ நேரடிப் பிடித்தம். அது சுற்றுப்பாதை வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ.யில், வளிமண்டலத்துக்குள் நுழைவதால் வெப்பக் கவசமும் சுமக்க வேண்டும். ஃபால்கனின் மேலடுக்கை மீட்கும் யோசனை கைவிடப்பட்டதில் வியப்பில்லை.

'பிடித்தம்' என்றால் விருப்பம் என்றும் பொருள் வருமே என்பார்கள். வரட்டும், 'சுமை' முன்னால் நிற்கும்போது யாரும் குழம்பமாட்டார்கள். உண்மையான சிக்கல் 2024 அக்டோபரில் வந்தது. ஸ்பேஸ்எக்ஸின் பெரிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் கீழடுக்கை ஏவுதளக் கோபுரத்தின் கைகள் அந்தரத்திலேயே பிடித்தன. கால்களின் எடை மிச்சம், அதாவது கோபுரம் பிடித்தால் பிடித்தம் குறைகிறது! இந்தக் கூத்தைத் தவிர்க்க, கோபுரம் பிடிப்பதற்கு 'ஏந்தல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

பிடித்தம் கட்டுப்படியாகுமா என்பது வேறு விவாதம். அப்போது யுஎல்ஏ என்ற அமெரிக்க ராக்கெட் நிறுவனத்தை நடத்திவந்த டோரி புருனோ, கட்டுப்படியாக ஒவ்வோர் அடுக்கும் சராசரியாகப் பத்து முறையாவது பறக்க வேண்டும் என்றார். ஸ்பேஸ்எக்ஸின் எலான் மஸ்க் 2020-இல், இரண்டாவது பறப்பிலேயே சரிக்குச் சரி, மூன்றில் லாபம் என்றார். அடுக்குகள் திரும்பத் திரும்பப் பறந்தால் ஆலையில் புது எஞ்சின்களுக்கு வேலை குறையும், ஆலைச் செலவோ அப்படியே நிற்கும். ஏவுவதற்குச் சரக்கு நிறைய இருந்தால்தான் இது ஓடும். ஸ்பேஸ்எக்ஸின் சொந்த இணையச் செயற்கைக்கோள் திட்டமான ஸ்டார்லிங்க் அந்தச் சரக்கைத் தந்தது என்பது என் கணிப்பு.

பிடித்தத்துக்குள் சீரமைப்புச் செலவைச் சேர்க்கக் கூடாது என்பதையும் வரையறையிலேயே சொல்லிவிடுவோம். நாசாவின் விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) திரும்பத் திரும்பப் பறந்தும் மலிவாகவில்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வெப்ப ஓடுகளை ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் சோதிக்க வேண்டியிருந்தது. அது பணத்தில் எழுதும் கணக்கு, சுமைப்பிடித்தம் கிலோவில் எழுதுவது. வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால், 'கரை', 'கடல்' இரண்டோடும் ஒட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.