44 வயதில் பி.எட். சேரப் போகிறேன், அறிவியல் ஆசிரியர்கள் வழிகாட்டுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். படித்தது எம்.எஸ்சி. வேதியியல். வரும் கல்வியாண்டில் பி.எட். சேருவதென்று முடிவு செய்துவிட்டேன். வீட்டிலும் சம்மதம்தான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருநாள் மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்புத் தண்ணீர் விட்டுக் காட்டினேன். சிவந்ததும் ஒரு சின்னப் பெண் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து பிழிந்தாள். மறுபடி மஞ்சளானது. "அப்போ சுண்ணாம்பு வெச்சா என்னாகும் அக்கா?" என்றாள். இந்த மாதிரிக் கேள்விகளோடுதான் இனி என் நாட்கள் போக வேண்டும் என்று ஆசை.

தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் என்பதால் 2 வருஷம் வேலையை விட்டாக வேண்டும். அது பரவாயில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் இரண்டாம் தாளில் 150க்கு 60 மதிப்பெண் கணிதமும் அறிவியலும். வேதியியலைச் சமாளிப்பேன். உயிரியலையும் கணிதத்தையும் தொட்டுப் பல காலமாகிறது. 6ஆம் வகுப்புப் பாடநூலிலிருந்து வரிசையாகப் படித்தால் போதுமா? கூடப் படிக்க யாராவது இருக்கிறீர்களா?

முக்கியமாக, நாற்பது வயதுக்கு மேல் இந்தப் பணிக்கு வந்தவர்கள் முதல் வருஷம் வகுப்பை எப்படிக் கட்டுக்குள் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். ஈரோடு, பெருந்துறை, கோபி பக்கம் தலைமையாசிரியர் அனுமதியோடு சில வகுப்புகளைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வழியிருந்தால் உடனே வருகிறேன்.